ஈராயிரமாம் ஆண்டும் கணினிகளும்

காலத்தை அளந்து பெயரிடுதல் மாந்தர் பயின்ற தொன்மையான கலைகளுள் ஒன்றாகும். நம் முன்னோர் பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது ஆண்டுப் பெயர்களை வகுத்து வழங்கினர். அறுபதும் முடிந்தபின் மீண்டும் பிரபவ வரும். ஆகவே, ஒருவர் தாம் பிரமாதி ஆண்டில் பிறந்ததாகக் கூறின், அவர் பிறந்தது 1939இல் தொடங்கிய பிரமாதியோ, 1999இல் தொடங்கிய பிரமாதியோ என்பது அப்பெயரால் மட்டும் விளங்காது. நேரிற் காண்போர்க்கு இவ்வையம் எழாது. தலையின் நரையே விடை கூறிவிடும். ஏட்டில் மட்டும் காண்போர்க்கோ பிறிதொரு குறிப்பு வேண்டும். அதனாலன்றோ கலியுகம், சகம் முதலிய தொடர் ஆண்டுக் கணக்குகளையும் உடன் எழுதிவைத்தனர்.

இவ்வையமே வேறோர் உருக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்துக் கணினிகளைப் பற்றிக்கொண்டது. ஆண்டினை நான்கு இலக்கங்களால் எழுதாது, கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதிவந்தமையால், 00 என்பது 1900ஐக் குறிக்குமோ 2000ஐக் குறிக்குமோ என்று பொறி அறியாதாயிற்று. இதனை ஈராயிரமாம் ஆண்டுச் சிக்கல் என்றும், வை.டூ.கே. என்றும் வழங்கினர். 1999ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவு கழிந்து பொழுது விடிந்தபோது, அஞ்சப்பட்ட பேரிடர் எதுவும் நிகழவில்லை. அதுகொண்டு, அனைத்தும் வீண் ஆரவாரமே என நகைத்தோர் பலர். இன்றும் அவ்வாறு கூறுவோர் உளர். அந்நகை தகுவதோ என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிழை பிறந்த வரலாறு

இரண்டு இலக்கங்களை விட்டவர்கள் அறிவிலிகள் அல்லர். அவர்கள் வாழ்ந்த காலம் அத்தகையது. அந்நாளிலே தரவுகளைத் துளையட்டைகளிற் பதிந்தனர். ஓர் அட்டையில் எண்பது எழுத்துக்களுக்கே இடமுண்டு. 1959இல் அறிமுகமாகிப் பெருவழக்குப் பெற்ற ஐ.பி.எம். 1401 என்னும் கணினியின் நினைவகம் மிகக் குறைந்த அளவில் 1,400 எழுத்துக்களையும், மிகக் கூடிய அளவில் 16,000 எழுத்துக்களையுமே கொள்ளும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் ஒரு லட்சம் பேர் பதிவு செய்துள்ளனர் எனக் கொள்வோம். ஒவ்வொருவருக்கும் பிறந்த நாள், ஒப்பந்தம் தொடங்கிய நாள், முடியும் நாள் என மூன்று தேதிகள் உள. ஒவ்வொரு தேதியிலும் இரண்டு இலக்கங்களை விடுப்பின், மிச்சமாவன ஆறு லட்சம் எழுத்துக்கள். அஃதாவது, 7,500 அட்டைகள் கொள்ளும் இடம். நாள்தோறும் அவற்றைப் படித்து எழுதும் நேரமும் உடன் மிச்சமாகும். நினைவகம் பொன்போல் அரிதாயிருந்த அக்காலத்தில் இது நல்ல சிக்கனமே.

தவறு யாதெனின், சிக்கனத்தின் காரணம் மறைந்தபின்னும் வழக்கம் மறையாமையே. பத்து ஆண்டுகளில் கைவிடப்படும் எனக் கருதி எழுதிய செய்நிரல்கள் முப்பது ஆண்டுகள் உழைத்தன. புதிய பொறி வாங்கியோரும் பழைய கோபோல் மொழிச் செய்நிரல்களையும் பழைய தரவுகளையும் அதிலே ஏற்றிக்கொண்டனர். ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய பொப் பீமர் என்னும் அறிஞர் 1971ஆம் ஆண்டிலேயே இதனை எழுதி எச்சரித்தார். கேட்டார் சிலரே. 1993 செப்டெம்பரில், கனடாவைச் சேர்ந்த பீற்றர் டி யாகர் என்பார் கொம்பியூட்டர்வேள்ட் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே இச்செய்தி பரவலாயிற்று.

பிழை தொழிற்படுமாறு

மாணவர்கள் இதனைக் கழித்தற் கணக்காகவே விளங்கிக்கொள்ளலாம். 1965இல் பிறந்தவரின் வயதை 1999இல் காண்பதற்குப் பொறி 99இலிருந்து 65ஐக் கழித்து 34 என்னும். விடை சரியே. மறு ஆண்டில் அப்பொறியே 00இலிருந்து 65ஐக் கழிக்கும். விடை மறை 65. குறி எழுதுதற்கு இடமில்லாத செய்நிரலாயின், 65 என்றே கொண்டு, முப்பத்தைந்து வயதினர்க்கு ஓய்வூதியம் வழங்க முற்படும். 1997இல் இட்ட வைப்புப் பணத்துக்கு மூன்று ஆண்டு வட்டிக்குப் பதிலாகத் தொண்ணூற்றேழு ஆண்டு வட்டி கணிக்கவும் கூடும்.

இவை வெறுங் கற்பனைகள் அல்ல. 1992ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 104 வயது மூதாட்டி ஒருவருக்குப் பாலர் வகுப்பிற் சேருமாறு அழைப்பு வந்தது. அவர் பிறந்த ஆண்டு 88 எனப் பதிவாகியிருந்தது. 92இலிருந்து 88ஐக் கழிப்பின் நான்கு அன்றோ!

இதனோடு மிகைநாட் சிக்கலும் சேர்ந்தது. நான்கால் வகுபடும் ஆண்டு மிகை ஆண்டு. நூறால் வகுபடுவது அன்று. எனினும், நானூறால் வகுபடுவது மிகை ஆண்டே. இவை 1582இல் நடைமுறைக்கு வந்த கிரெகரி நாட்காட்டியின் விதிகள். முதல் விதியை மட்டும் அறிந்தோர் 2000ஐச் சரியாகவே கணித்தனர். இரண்டாம் விதியோடு நின்றோரே பெப்ரவரி 29ஐ இழந்தனர். அரைகுறைக் கல்வியின் கேட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

செப்பனிட்ட முறைகள்

திருத்தும் வழிகள் முக்கியமாக மூன்று. முதலாவது விரித்தல் முறை. ஆண்டினை எங்கும் நான்கு இலக்கமாக்குதல். இதுவே நிலையான மருந்து. ஆயின், ஒரு பதிவின் நீளம் மாறினால், அப்பதிவைப் படிக்கும் செய்நிரல்கள் அனைத்தும், அச்சிடும் படிவங்களும், திரையில் தோன்றும் கட்டங்களும் உடன் மாறல் வேண்டும். ஒன்று தவறினும், அடுத்துள்ள எண்ணின் இலக்கத்தை ஆண்டின் இலக்கமாகப் படித்துவிடும்.

இரண்டாவது சாளர முறை. தரவைத் தொடாது, 00 முதல் 29 வரை இருப்பின் 2000இன் பின்னர் எனவும், 30 முதல் 99 வரை இருப்பின் 1900இன் பின்னர் எனவும் கொள்ளுமாறு செய்நிரலுக்குக் கற்பித்தல். எல்லை எண்ணை அவரவர் தேவைக்கேற்ப வகுத்துக்கொண்டனர். இது விரைவும் மலிவும் உடையது. ஆயினும், இதில் 1925இல் பிறந்த முதியவர் 2025இல் பிறப்பவராகிவிடுவர். அன்றியும், இது சிக்கலைத் தீர்ப்பதன்று, தள்ளிவைப்பதே.

மூன்றாவது முறை சுவையானது. கிழமையும் மிகைநாளும் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வாறே திரும்பி வரும். 1972 ஜனவரி முதலாம் நாள் சனிக்கிழமை. 2000 ஜனவரி முதலாம் நாளும் சனிக்கிழமையே. இரண்டும் மிகை ஆண்டுகள். ஆகவே, உள்ளே செல்லும் ஆண்டிலிருந்து 28ஐக் கழித்தும், வெளியே வரும் ஆண்டோடு 28ஐக் கூட்டியும், பொறியைப் பழைய நூற்றாண்டிலேயே வாழவிட்டனர்.

வழிகளைக் கூறல் எளிது, செய்தல் அரிது. முதலில், எந்தச் செய்நிரல்கள் உள எனப் பட்டியல் எடுத்தலே பெரும்பாடாயிற்று. எழுதியவர்கள் ஓய்வு பெற்றிருந்தனர். சிலவற்றுக்குப் பொறி அறியும் வடிவம் மட்டும் எஞ்சி, மாந்தர் படிக்கும் மூலம் தொலைந்திருந்தது. தேதியைக் குறிக்கும் பெயர்களையும் எழுதியவர் தம் மனம்போல் இட்டிருந்தனர். ஆதலின், பல லட்சம் வரிகளை வரிவரியாகப் படித்தே தேடல் வேண்டியதாயிற்று. சென்னை, பெங்களூர், மும்பாய் முதலிய நகரங்களில் ஆயிரக்கணக்கான பொறியியலாளர், கடல் கடந்த நாடுகளின் செய்நிரல்களை இவ்வாறு படித்துத் திருத்தினர். இந்திய மென்பொருட்டொழில் உலகின் நம்பிக்கையைப் பெறுதற்கு அப்பணி பெருந்துணையாயிற்று.

திருத்தியபின் சோதித்தலே உழைப்பின் பெரும்பகுதியைக் கொண்டது. தனியான பொறியொன்றின் கடிகாரத்தை 1999 டிசம்பர் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்னர் வைத்து, நூற்றாண்டைக் கடக்கவிட்டுப் பார்த்தனர். 2000 பெப்ரவரி 29, மார்ச் 1, அவ்வாண்டின் 366ஆம் நாளாகிய டிசம்பர் 31 ஆகியவற்றையும் இவ்வாறே சோதித்தனர். வேலையிலிருக்கும் பொறியில் இதனைச் செய்தல் ஆகாது. கடிகாரம் முன்னேறின், கடவுச்சொற்கள் காலாவதியாகும். பழைய கோப்புக்கள் தாமே அழிக்கப்படவும் கூடும்.

ஒரு நிறுவனம் திருத்தினாற் போதாது. அதனோடு தரவு பரிமாறும் நிறுவனமும் திருத்தல் வேண்டும். ஆதலின், இஃது அரசுகளின் கடமையுமாயிற்று. 1998 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் பல நாடுகளின் பொறுப்பாளர்கள் கூடினர். 1999 பெப்ரவரியில், உலக வங்கியின் உதவியோடு வாஷிங்டனில் ஓர் அனைத்துலக ஒத்துழைப்பு நிலையம் அமைந்தது. அமெரிக்க நடுவண் அரசு மட்டும் செலவிட்டது ஏறத்தாழ 850 கோடி டொலர்.

நிகழ்ந்தவையும் நிகழாதவையும்

அந்நாள் வந்தது. மின்விளக்குகள் எரிந்தன, வங்கிகள் இயங்கின, வானூர்திகள் பறந்தன. எனினும், எதுவுமே பிழைக்கவில்லை என்பது உண்மையன்று. காலத்தைக் காப்பதற்கென்றே அமைந்த அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையப் பக்கம் ஆண்டினை 19100 எனக் காட்டிற்று. 1900இலிருந்து கழிந்த ஆண்டுகள் நூறாக, அதன்முன் 19ஐ ஒட்டியதன் விளைவு அது. நியூயோர்க் மாநிலத்தில், நிகழ்படப் பேழையொன்றை வாடகைக்கு எடுத்தவரிடம் நூறாண்டுத் தாமதக் கட்டணமாக 91,250 டொலர் கேட்டது ஒரு கடைக் கணினி. இவை நகைத்து விடக்கூடியவை.

நகைக்க இயலாத ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், கருவுற்ற பெண்களுக்கு டவுன் சின்ட்ரோம் என்னும் பிறவிக் குறைபாடுடைய குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கணித்துக் கூறுதற்கு ஒரு கணினி பயன்பட்டது. அக்கணிப்பில் தாயின் வயது இன்றியமையாதது. 2000 ஜனவரி முதல் அப்பொறி வயதைப் பிழையாகக் கணித்தது. மே மாதத்திற் பிழை கண்டறியப்படுமுன், 150க்கு மேற்பட்ட தாய்மார்க்கு அவர்தம் இடர் குறைவென்றே தவறாகக் கூறப்பட்டது. ஆரவாரம் ஓய்ந்தபின், எவரும் நோக்காத ஒரு மூலையில், இரண்டு இலக்கம் செய்த கேடு இது. திருத்தாது விட்டிருப்பின், மருத்துவமனைகளிலும் மின்னிலையங்களிலும் இத்தகைய மூலைகள் எத்தனை இருந்திருக்கும் என்பதை வாசகரே உய்த்துணர்வாராக.

மறுதரப்பாரின் கூற்றையும் நேர்மையோடு நோக்கல் வேண்டும். இத்தாலி போன்று பிந்தித் தொடங்கிய நாடுகளும் பெரும் இடரின்றித் தப்பின என்பர். அது மெய்யே. ஆயின், அந்நாடுகளும் பெரும்பாலும் அதே நிறுவனங்களின் பொறிகளையும் மென்பொருளையுமே பயன்படுத்தின; ஏனையோர் பொருள் செலவிட்டுத் திருத்தியவை அவர்களுக்கும் உதவின. அச்சத்தை விற்றுப் பொருளீட்டியோரும் இருந்தனர். அதனையும் மறுத்தல் ஆகாது. வைத்தியருள் ஒருவர் பொய்யர் என்பதால், நோய் பொய்யாகிவிடாது.

மாணவர்க்கு ஒரு சொல்

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. பல கணினிகள் காலத்தை 1970 ஜனவரி முதலாம் நாளிலிருந்து கழிந்த வினாடிகளாக எண்ணுகின்றன. அவ்வெண்ணுக்கு முப்பத்திரண்டு இருமை இலக்கங்களே ஒதுக்கிய பொறிகளில், 2,147,483,647க்கு மேல் எண்ண இயலாது. அவ்வெல்லை 2038 ஜனவரி 19ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, இலங்கை நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு எய்தப்படும். அடுத்த வினாடியில், திருத்தப்படாத பொறி 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். அறுபத்துநான்கு இலக்கங்களால் எண்ணுதலே இதற்கு மருந்து. இலினக்ஸ் முறைமையின் கருவில் முப்பத்திரண்டு இலக்கப் பொறிகளுக்கான திருத்தம் 2020இல் நிறைவேறியது. எனினும், சுவரினுள்ளும் வாகனத்தினுள்ளும் பொருத்தி மறக்கப்பட்ட சிறு பொறிகளைத் தேடும் பணி எஞ்சியுள்ளது. இன்று நம் கல்லூரியின் வாங்குகளில் அமர்ந்திருப்போரே அப்பணிக்கு உரியோர்.

வெள்ளம் வந்தபின் மக்களை மீட்பவனை ஊர் மாலையிட்டு வரவேற்கும். வருமுன் அணை கட்டியவனை ஊர் அறியாது; வெள்ளமே வரவில்லையே என அவன் செலவைக் கணக்குக் கேட்கும். ஈராயிரமாம் ஆண்டிற் செய்நிரல் திருத்தியோர் பெற்ற பரிசு இதுவே. எனினும், அன்று பொழுது வழக்கம்போல் விடிந்தது. அவ்விடியலே அவர்தம் உழைப்புக்குச் சான்று.

ஆகவே, மாணவ நண்பர்களே, நீங்கள் எழுதும் ஒவ்வொன்றும் நீங்கள் கருதும் காலத்தினும் நெடிது வாழும் என எண்ணி எழுதுங்கள். இன்று எடுத்த குறுக்குவழியின் காரணத்தை ஏட்டிற் குறித்துவையுங்கள். உங்கள் பின் வருவோர், யார் எழுதினர் என அறியாவிடினும், எளிதிற் படித்துத் திருத்துமாறு தெளிவுற எழுதுங்கள். மூத்தோர் நமக்கு விட்டுச்சென்ற கட்டடத்தைப் பேணுதல் போன்று, அவர் விட்டுச்சென்ற கணக்கைப் பேணுதலும் நம் கடனாகும்.