கொக்கியின் உயரம்

பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துச் செல்லும் டிராக்டர் கவிழ்ந்துவிட்டால், ஓட்டியவன்மீது பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது நம் ஊர் வழக்கம். முதலாண்டு இயற்பியலில் நாம் படித்த திருப்புத்திறனுக்கும் அவ்விபத்துக்கும் தொடர்பு உண்டு என எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நானும் அப்படித்தான் இருந்தேன், சென்ற அறுவடை வரையில்.

என் சிற்றப்பா கரும்பு ஏற்றிய டிரெய்லரை வயலிலிருந்து வாய்க்கால் கரைமேல் ஏற்ற முயன்றார். தாழ்ந்த கொக்கி சேற்றில் புதைகிறதென்று, இருக்கைக்குப் பின்னால் உயரமான ஓரிடத்தில் சங்கிலியைப் பூட்டியிருந்தார்கள். கிளட்சை விட்டதும் முன்சக்கரங்கள் இரண்டும் முழங்கால் உயரம் எழும்பின. அவர் உடனே கிளட்சை மிதித்ததால் வண்டி தரையில் இறங்கிற்று. இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் டிராக்டர் அவர்மீதே மல்லாந்திருக்கும்.

இதன் காரணத்தைக் கணக்கிட்டு நோக்குவோம். முன், பின் அச்சுகளுக்கிடையே 200 செ.மீ. தூரமுள்ள ஒரு டிராக்டரை, டிரெய்லர் 1000 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் பின்னோக்கி இழுப்பதாகக் கொள்வோம். கொக்கி தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்தால், முன்சக்கரங்களின் மீதுள்ள பாரத்தில் 250 கிலோ குறையும் (1000 × 50 ÷ 200). கொக்கியை 100 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினாலோ 500 கிலோ குறையும். நின்ற நிலையில் முன்சக்கரங்கள் தாங்குவது 700 கிலோ என்றால், எஞ்சுவது 200 மட்டுமே. செங்குத்தான கரையில் ஏறும்போது ஈர்ப்பு மையமும் பின்சக்கரத்தை நோக்கி நகர்வதால் அந்த 200-ம் கரைந்துவிடக்கூடும். சக்கரம் எழும்பாவிட்டாலும் ஆபத்து நீங்கியதாகாது. ஸ்டியரிங் திரும்பும், வண்டி திரும்பாது. கொக்கி பின் அச்சின் மையத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இரு சக்கர டிரெய்லரில் பாரத்தை எங்கே வைப்பது என்பதை மாட்டுவண்டிக்காரர் நம்மைவிட நன்கு அறிவார். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் கழுத்து புண்ணாகும். டிராக்டருக்கும் இதே நியாயந்தான். பின்பாரமானால் கொக்கி மேல்நோக்கித் தூக்கப்பட்டுப் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். வேகமாகச் சென்றால் டிரெய்லர் வாலாட்டும். அளவு மீறிய முன்பாரமோ முன்சக்கரங்களை மேலும் இலேசாக்கிவிடும். கொஞ்சம் முன்பாரமாக ஏற்றுவதே முறை.

இறக்கம் வேறொரு கதை. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் அதன் பாரம் முழுதும் டிராக்டரைத் தள்ளும். நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்பார்கள். அந்த மிச்சம் யாருக்குப் பயன்படுமோ! இறங்கத் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறிவிட வேண்டும். மேலும், வயலில் சட்டென்று திருப்புவதற்காக இடப்புற, வலப்புறப் பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல்கள் உண்டு. சாலைக்கு வந்ததும் அவ்விரண்டையும் கொண்டி போட்டு இணைத்தாக வேண்டும். மறந்துபோய் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும். பின்னால் வரும் டிரெய்லர் அதை மேலும் மடக்கும்.

இக்கணக்கை நான் ஒரு தாளில் போட்டுக் காட்டியபோது சிற்றப்பா அதைப் படிக்கவில்லை. “கொக்கி எவ்வளவு உயரம் இருக்கணும், அதை மட்டும் சொல்லு” என்றார். அச்சின் மையத்தைத் தொட்டுக் காட்டி, இதற்குக் கீழே என்றேன். சுண்ணாம்பை எடுத்து அங்கே ஒரு கோடு போட்டுவிட்டார்.