பதிவேடு இருக்கிறது, பார்ப்பது யார்?

காசேடு எழுதாமல் வியாபாரம் செய்பவர் எம்மில் அரிது. ஆனால், எழுதிய காசேட்டை வருட முடிவில் கணக்காய்வாளர் கேட்கும் வரை திறந்து பார்க்காதவர்கள் பலர் இருக்கின்றனர். அப்படியான ஒருவரின் கடையில் லாச்சியிலிருந்து தினமும் சிறுகச் சிறுகப் பணம் போனாலும், அது தெரியவர ஒரு வருடம் ஆகலாம். ஏடு ஒழுங்காகத்தான் எழுதப்பட்டிருக்கும். அதையும் லாச்சியையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆள் இருக்காது.

கடனட்டை, டெபிட் அட்டை மூலம் பணம் பெறும் கடைகளிலும், விற்பனைக் கணக்கை கிளவுட்டில் வைத்திருக்கும் கடைகளிலும் இன்னொரு ஏடு தானாகவே எழுதப்பட்டுக் கொண்டிருக்கிறது. அதன் பெயர் லொக். யார் உள்ளே வந்தார், எந்தப் பெயரில் வந்தார், எப்போது வந்தார், எங்கிருந்து வந்தார், எதைத் தொட்டார், அவரது முயற்சி பலித்ததா இல்லையா என்பதைக் கணனி வரிவரியாக அதில் எழுதி வைக்கிறது. இந்த வாரம் அந்த ஏட்டைப் பற்றியே எழுதுகிறேன். கணனி அறிவு குறைந்தவர்களும் விளங்கிக்கொள்ளும் விதத்தில் சொல்ல முயல்கிறேன்.

அட்டை நிறுவனங்களின் விதி

வாடிக்கையாளரின் அட்டை விபரங்களை எவ்வாறு பாதுகாக்க வேண்டும் என்பதற்கு பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். என்ற ஒரு நியமம் உண்டு. இதன் முதற் பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. 2006 இல் விசா, மாஸ்டர்கார்ட், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர், ஜே.சி.பி. ஆகிய ஐந்து நிறுவனங்களும் சேர்ந்து, இதனைப் பராமரிப்பதற்கென ஒரு சபையை அமைத்தன. நியமத்தின் 4.0 பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது. அதில் காலக்கெடு கொடுக்கப்பட்டிருந்த புதிய விதிகள் 2025 மார்ச் 31 உடன் கட்டாயமாகின.

இது ஓர் அரசாங்கச் சட்டமல்ல. ஆயினும், அட்டை இயந்திரம் தரும் வங்கியுடன் நாம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் வழியாக இது எம்மையும் வந்து சேர்கிறது. அட்டை விபரங்களைச் சேமிக்கின்ற, கையாளுகின்ற, அனுப்புகின்ற எவருக்கும், கடை சிறியதோ பெரியதோ, நியமம் பொருந்தும். கடையின் அமைப்பைப் பொறுத்து நிரப்ப வேண்டிய படிவமும் சுமையும்தான் மாறுபடும்.

நியமத்தில் மொத்தம் 12 பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் 10 ஆவது பிரிவுதான் லொக் பற்றியது. அதன் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லொக்கை எழுத வேண்டும். அதனை எவரும் அழிக்கவோ மாற்றவோ முடியாதவாறு காக்க வேண்டும். முக்கியமானவற்றை நாளாந்தம் பரிசீலிக்க வேண்டும். 12 மாதங்களுக்கு வைத்திருக்க வேண்டும். அதில் கடைசி 3 மாதங்களுக்குரியவை கேட்டவுடன் எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். எல்லாக் கணனிகளின் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இவற்றுள் நாளாந்தம் பார்ப்பதுதான் எல்லோரும் கைவிடும் வேலை. பெரிய நிறுவனங்களும் இதில் தவறியுள்ளன என்பதற்கு இரண்டு சம்பவங்களைக் கூறுகிறேன்.

மணி அடித்தும் எழும்பாத நிறுவனம்

டார்கெட் என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறைக் கடைத் தொடர்களில் ஒன்று. 2013 செப்டெம்பரில் அது மேற்படி நியமத்துக்கு அமைவானது என்ற சான்றிதழைப் பெற்றது. அதே வருடம் நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரையான காலத்தில், அதன் கடைகளில் பயன்படுத்தப்பட்ட சுமார் 40 மில்லியன் அட்டைகளின் விபரங்கள் களவு போயின.

திருடர்கள் முன்வாசலால் வரவில்லை. குளிரூட்டி வேலைகளைச் செய்துவந்த ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்துக்கு டார்கெட்டின் வலையமைப்பில் நுழைய அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைத் திருடி அதன் வழியாக உள்ளே வந்தார்கள். பின்னர் காசாளர் மேசையில் உள்ள இயந்திரங்களில் கள்ள மென்பொருளை ஏற்றினார்கள்.

கவனிக்க வேண்டிய விடயம் இதுதான். இத்தகைய களவைக் கண்டுபிடிப்பதற்கென்றே டார்கெட் ஒரு கண்காணிப்பு முறையைப் பணம் கொடுத்து வாங்கியிருந்தது. நவம்பர் 30 அன்று அது எச்சரித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அந்த எச்சரிக்கையைக் கண்டு, அமெரிக்காவிலுள்ள தலைமையகத்துக்கு அறிவித்தது. அங்கிருந்தவர்களோ உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். டிசம்பர் 12 ஆம் திகதி அமெரிக்க நீதித் திணைக்களம் வந்து சொன்ன பின்னரே நிறுவனம் விழித்துக்கொண்டது.

2014 மே மாதம் பிரதம நிறைவேற்று அதிகாரி பதவி விலகினார். 2017 மே மாதம் 47 மாநிலங்களுடனும் தலைநகர்ப் பிரதேசத்துடனும் செய்துகொண்ட இணக்கப்பாட்டுக்கு மாத்திரம் 18.5 மில்லியன் டொலர் செலுத்த நேர்ந்தது. சான்றிதழ் சுவரில் தொங்கியது, எச்சரிக்கையும் ஒலித்தது. எழும்பிப் போய்ப் பார்க்கத்தான் ஆள் இருக்கவில்லை.

கிளவுட்டில் நடந்தது

கிளவுட் என்பது வேறொன்றுமில்லை; வாடகைக்கு எடுத்த களஞ்சியசாலை போன்றது. கட்டிடத்துக்குக் காவலாளி போடுவது கட்டிட உரிமையாளரின் பொறுப்பு. எமது அறைக்குப் பூட்டுப் போடுவதும், திறப்பை யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் எமது பொறுப்பு.

கெபிட்டல் வன் என்ற அமெரிக்க வங்கி தனது தரவுகளை அமேசன் நிறுவனத்தின் கிளவுட்டில் வைத்திருந்தது. பாதுகாப்புச் சுவர் ஒன்றின் அமைப்பில் இருந்த பிழையைப் பயன்படுத்தி, 2019 மார்ச் 22, 23 ஆம் திகதிகளில் ஒருவர் உள்ளே நுழைந்தார். கடனட்டைக்கு விண்ணப்பித்தவர்கள் உட்பட அமெரிக்காவில் சுமார் 100 மில்லியன் பேரினதும், கனடாவில் சுமார் 6 மில்லியன் பேரினதும் விபரங்கள் அவர் கைக்குச் சென்றன. அட்டை இலக்கங்கள் போகவில்லை என வங்கி கூறியது. ஆனால், சுமார் 80,000 வங்கிக் கணக்கு இலக்கங்கள் போயின.

வங்கிக்கு இது தெரியவந்தது ஜூலை 17 ஆம் திகதி. அதுவும் வெளியார் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் மூலம். அதன் பின்னர் வங்கி தனது லொக்கைத் திறந்து பார்த்தது. நுழைந்தவர் இட்ட கட்டளைகள் அங்கே பதிவாகியிருந்தன. மார்ச் 22 முதல் ஜூலை 17 வரை 117 நாட்கள் அந்த வரிகள் வாசிக்க ஆளின்றிக் கிடந்தன. 2020 ஆகஸ்ட் மாதம் வங்கி ஒழுங்குபடுத்தும் அமைப்பு 80 மில்லியன் டொலர் தண்டப் பணம் விதித்தது.

அந்த 117 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமேசன் கிளவுட்டில் நாம் எதுவும் செய்யாமலே கிடைக்கும் நிகழ்வுப் பதிவு 90 நாட்களுக்குரியது மட்டுமே. மைக்ரோசொப்ட் அஷூர் கிளவுட்டின் செயற்பாட்டுப் பதிவும் 90 நாட்கள்தான். நியமம் கேட்பதோ 12 மாதங்கள். 117 நாள் கழித்துத் தெரியவரும் ஒரு களவுக்கு, 90 நாள் பதிவில் தடயமே இருக்காது. மேலும், அமேசனில் ஒரு கோப்பை யார் திறந்து வாசித்தார் என்பது தானாகப் பதிவாவதில்லை; நாம்தான் அதனைச் செயற்படுத்த வேண்டும். கிளவுட்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று இருப்பவர்கள் இதனை அறிந்துகொள்வது நல்லது.

நாம் செய்யக் கூடியவை

எமது கடைகள் டார்கெட் அளவு பெரியவை அல்ல. எனவே எமக்கு ஏற்ற அளவில் சிலவற்றைக் கூறுகிறேன்.

1. அட்டை விபரம் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வங்கி தந்த இயந்திரத்தில் மட்டும் அட்டையைப் பயன்படுத்தி, கடைக் கணனியில் எதையும் வைக்காதவருக்குச் சுமை மிகக் குறைவு. இணையத்தில் விற்பவர், பணம் செலுத்தும் பக்கத்தை முழுமையாக வங்கியிடமோ அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடமோ விடுவதே இலகு. வைத்திருக்காத பொருளைக் காவல் காக்கத் தேவையில்லை.

2. ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். நான் கடைகளுக்குச் செல்லும்போது முதலில் கேட்பது இதைத்தான். பல கடைகளில் முதலாளி, முகாமையாளர், காசாளர் மூவரும் அட்மின் என்ற ஒரே பெயரில்தான் உள்ளே போகிறார்கள். ஏதாவது நடந்தால் லொக்கில் அட்மின் என்று மட்டுமே இருக்கும். அப்போது சந்தேகம் முதலில் விழுவது சம்பளத்துக்கு நிற்கும் பையன் மீதுதான். அவன் குற்றமற்றவன் என்பதை நிரூபிக்க அவனிடம் ஒன்றும் இருக்காது. லொக் கள்வனைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, நேர்மையான ஊழியரைக் காப்பதற்கும் உரியது.

3. ஏட்டை எழுதுபவர் கையில் அழிறப்பர் இருக்கக் கூடாது. லொக்கின் பிரதி ஒன்று வேறோர் இடத்துக்குத் தானாகவே போய்ச் சேர வேண்டும். நாளாந்தம் அந்த முறைமையில் வேலை செய்பவருக்கு அதனை அழிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது.

4. பார்ப்பதற்கு ஓர் ஆளையும் நேரத்தையும் குறியுங்கள். ஒவ்வொரு வரியையும் வாசிக்கத் தேவையில்லை. அதற்குத் தானியங்கி வசதி வேண்டும் என இப்போது நியமமே சொல்கிறது. மென்பொருள் தெரிந்தெடுத்துத் தருவதை மனிதர் பார்த்தால் போதும். கடை பூட்டிய பின் யாராவது நுழைந்தாரா, கடவுச்சொல்லைப் பல தடவை தவறாக இட்டாரா, புதிய பயனர் சேர்க்கப்பட்டாரா, வெளிநாட்டிலிருந்து எவரும் வந்தாரா, லொக் எழுதுவதே நின்றுவிட்டதா என்று பாருங்கள். பார்த்தவர் திகதியிட்டு ஒரு கொப்பியில் கையொப்பமிட வேண்டும். சந்தேகம் வந்தால் இரவானாலும் யாருக்குத் தொலைபேசியில் அழைப்பது என்பதையும் அதே கொப்பியில் எழுதி வையுங்கள். டார்கெட்டில் எச்சரிக்கை மேலிடம் வரை போயும் அங்கே தடைப்பட்டதை மறக்க வேண்டாம்.

5. நேரத்தைச் சரிபாருங்கள். கமெராவில் 7.10 என்றும் கணனியில் 6.25 என்றும் இருந்தால், காசாளர் மேசையில் அந்த நேரம் யார் நின்றார் என்று எவராலும் சொல்ல முடியாது.

6. லொக்கிலேயே இரகசியம் கசியலாம். 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம், பயனர்களின் கடவுச்சொற்கள் தனது உள் லொக் ஒன்றில் மறைக்கப்படாமல் பதிவாகியிருந்ததைக் கண்டது. எல்லோரையும் கடவுச்சொல்லை மாற்றுமாறு அறிவுறுத்தியது. அட்டை இலக்கம் முழுமையாக லொக்கில் விழக் கூடாது. அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கத்தை, கொடுக்கல் வாங்கல் முடிந்த பின் எங்கும் வைக்கவே கூடாது. கொப்பியில் எழுதுவதும் அதில் அடங்கும்.

7. வெளியாருக்குக் கொடுத்த திறப்பை மீளப் பெறுங்கள். மென்பொருள் திருத்த வந்தவர், கமெரா பூட்டியவர், விலகிச் சென்ற ஊழியர் ஆகியோரின் பெயர்கள் இன்னும் முறைமையில் உயிருடன் இருக்கின்றனவா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் வங்கியிடம், “எமது கடைக்கு எந்தப் படிவம் பொருந்தும்?” என்று கேளுங்கள். மென்பொருள் தருபவரிடம், “லொக் எழுதப்படுகிறதா? எத்தனை நாளைக்கு? அதை யார் அழிக்கலாம்? அதை யார் பார்க்கிறார்?” என்ற நான்கையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதல் மூன்றுக்கும் பெரும்பாலும் பதில் வரும். நான்காவது கேள்விக்கு அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பாராயின், பதில் உங்களிடமிருந்துதான் வர வேண்டும் என்று அர்த்தம். அந்த வேலைக்கு ஒருவரின் பெயரை இந்த வாரமே எழுதிவிடுங்கள். ஒருவரும் கிடைக்காவிட்டால் உங்கள் பெயரையே எழுதுங்கள். கடை பூட்டும் முன் காசை எண்ணுகிறீர்கள் அல்லவா? அதனுடன் இன்னுமொரு பத்து நிமிடம்தான்.