பன்றிக்கு வாங்கும் துவக்கும் அயலவன் சொல்லும் சாட்சியும்



லக்கலப் பகுதியிலிருந்து ஒரு குடும்பத் தலைவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவரது வேண்டுகோள். அவருடைய தங்கையின் கணவர், பயிர்ப் பாதுகாப்புக்கென ஒரு துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். கிராம உத்தியோகத்தரோ பொலிசாரோ விசாரிக்க வந்தால் மச்சானைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று வீட்டார் இவரை நெருக்குகிறார்கள். மச்சான் கடும் உழைப்பாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் குடித்தால் கை நீளும். ஒருமுறை கத்தியோடு தங்கையைத் துரத்தியும் இருக்கிறார். பொலிசுக்குப் போனால் மானம் போய்விடும் என்று எல்லோருமாக அதை மூடி மறைத்துவிட்டார்கள்.

"உண்மையைச் சொன்னால் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன், சுவாமி. சொல்லாமல் விட்டாலோ நெஞ்சு பதைக்கிறது. அதோடு, நிலத்தில் பாடுபடுகிற ஏழை ஒருவனுக்கு ஒரு துவக்குக் கொடுக்க இத்தனை விசாரணை எதற்கு என்ற எண்ணமும் எனக்கு உண்டு" என்று முடிக்கிறார்.

இக்கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

லக்கலையை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, ரிவஸ்டன் வழியாக நக்கிள்ஸ் மலையைக் கடந்து இறங்கினால் வருகிற பிரதேசம் அது. மேலே 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட காடு. கிழக்கே வஸ்கமுவ வனம். நடுவிலே வயலும் சேனையும் மிளகுத் தோட்டமும். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம ஊர் இடம்பெயர்க்கப்பட்டது. புதிய நகரம் 2018இல் திறக்கப்பட்டது. பன்றியும் குரங்கும் மயிலும் யானையும் இவ்விடத்து விவசாயிக்கு வேடிக்கைப் பொருள்களல்ல. நான்கு மாதம் பாடுபட்ட பயிர் ஓர் இரவில் உழுது போட்டதுபோல் கிடப்பதைக் கண்டவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். 2025 மார்ச் 15ஆந் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடெங்கும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணச் சொன்னார்களே, அதைப் பட்டணத்தில் பலர் கேலி செய்தார்கள். மலையடிவாரத்தில் கேலி செய்தவர்கள் குறைவு.

ஆகவே துவக்குக் கேட்கிறவனைக் கொலைகாரனைப் போலப் பார்க்கிற பேச்சை நாம் முதலில் விட்டுவிட வேண்டும். அவனுடைய இழப்பை ஒப்புக்கொள்ளாமல் அவனிடம் சட்டம் பேசுவது வீண்.

அரசாங்கம் துவக்கை எண்ணிப் பதிவது பற்றிய சந்தேகமும் மாத்தளை மண்ணுக்குப் புதியதல்ல. 1848இல் தேசாதிபதி டொறிங்டன் பிரபு நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி என்று விதித்தபோது, துவக்கு வைத்திருப்பவன் ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் கட்டி அனுமதி பெறவேண்டும் என்றும் விதித்தார். அந்த ஆண்டு யூலையில் மாத்தளையில் கலகம் மூண்டது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆந் திகதி கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொங்காலேகொட பண்டா நாடுகடத்தப்பட்டார். பதிவேட்டைக் கண்டால் "பிடுங்கத்தான் வருகிறார்கள்" என்று நினைக்கும் பழக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை அறியாமை என்று தள்ளிவிடக்கூடாது.

ஆனால் சரித்திரத்தின் மறு பக்கத்தையும் புரட்டவேண்டும். 1971 கிளர்ச்சியிலும், பின்னர் 1987 முதல் 1989 வரையிலான இருண்ட காலத்திலும், கிராமத்து வீடுகளில் இருந்த சொட்கன்களைத் தேடி ஆயுதம் ஏந்திய இளைஞர் இரவில் வந்தார்கள். கொடுத்தவனை இராணுவம் விசாரித்தது. கொடுக்காதவனை வந்தவர்கள் விசாரித்தார்கள். வீட்டைக் காக்கும் என்று சுவரில் தொங்கிய துவக்கே வீட்டுக்கு ஆபத்தைக் கொண்டுவந்த கதை வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் துவக்கு வைத்திருப்பது பிறப்புரிமை அல்ல; அனுமதி. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமே இன்னமும் அடிப்படை. 1996இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். 2024ஆம் ஆண்டின் இறுதியில், தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்திருந்த துவக்குகளைப் பாதுகாப்பு அமைச்சு மீள்பரிசீலனைக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. ஒருமுறை கொடுத்ததை மறுபடி பார்க்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதற்கு அது உதாரணம்.

இந்த விசாரணையை ஏழையை அவமதிப்பதாக எடுத்துக்கொள்வது சரிதானா? யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தை வீட்டிலே எடுத்து வாசியுங்கள். மாடு ஒருவனை முட்டிக் கொன்றால், மாட்டைக் கொல்லவேண்டும். உரிமையாளன் மேல் குற்றமில்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்னமே அவனுக்கு அறிவித்திருந்தும் அவன் கட்டிவைக்கவில்லை என்றால், பழி உரிமையாளன் மேலேயே வருகிறது. சட்டம் இங்கே கேட்கிற கேள்வியைக் கவனியுங்கள்: முன்னர் என்ன நடந்தது? அது யாருக்குத் தெரியும்? தெரிந்தவன் என்ன செய்தான்? பொலிஸ் அறிக்கை கேட்கிற கேள்வியும் இதுவேதான். அதே அதிகாரத்தில், குழி வெட்டி மூடாமல் விட்டவனைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. உபாகமம் 22இல், புது வீடு கட்டுகிறவன் மேல்மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்று விதித்திருக்கிறது. விழப்போகிறவன் யாரென்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே சுவர்.

மூடாத குழி என்றதும் கட்டுத்துவக்கு நினைவுக்கு வருகிறது. இரும்புக் குழாயில் வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் அடைத்து, பன்றி வரும் தடத்துக்குக் குறுக்கே கம்பி இழுத்துவிடுகிறார்கள். பன்றியின் உயரத்துக்குக் குறிவைத்தது மனிதனுக்கு முழங்காலில் படும். விறகுக்குப் போனவன், மாட்டைத் தேடிப் போனவன், சில வேளை கட்டியவனே கூடக் காலை இழக்கிறான். அது முற்றிலும் சட்டவிரோதம். "அனுமதி தராவிட்டால் அவன் கட்டுத்துவக்குக் கட்டுவான், அதைவிட இது மேலல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அனுமதி விரைவாகக் கிடைக்கவேண்டும், கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்குமாக ஏழையை மாதக்கணக்கில் அலைக்கழிக்கக்கூடாது என்பதற்கு அது நல்ல வாதம். பாராமலே கொடுத்துவிடலாம் என்பதற்கு அது வாதமாகாது.

விசாரணை ஏனோதானோ என்று நடந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டப்படி, அனுமதி பெற்ற வியாபாரியிடம் துவக்கு வாங்குகிறவனின் முன்வரலாறு பார்க்கப்படுகிறது. ஆனால் மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் வியாபாரி விற்றுவிடலாம். 2015 யூன் 17ஆந் திகதி சார்ள்ஸ்டன் நகரத்து ஆலயம் ஒன்றில் வேத வகுப்பில் இருந்த ஒன்பது பேரைக் கொன்றவன், அப்படி நாள் கடந்ததால் துவக்கைப் பெற்றவன்.

2017 நவம்பர் 5ஆந் திகதி நடந்தது நம் கடிதக்காரருக்கு இன்னும் நெருக்கமானது. ரெக்சஸ் மாநிலத்தின் சதர்லண்ட் ஸ்பிறிங்ஸ் என்ற சிற்றூர் ஆலயத்தில், ஞாயிறு வழிபாட்டின்போது ஒருவன் புகுந்து, வயிற்றிலிருந்த குழந்தையோடு சேர்த்து 26 பேரைக் கொன்றான். அவன் முன்பு விமானப்படையில் இருந்தவன். மனைவியையும் அவளுடைய சிறு மகனையும் அடித்ததற்காக 2012இல் இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். சட்டப்படி அவனுக்குத் துவக்கு விற்கவே கூடாது. ஆனால் அந்தத் தண்டனையைப் பதிவேட்டுக்கு அனுப்பவேண்டிய விமானப்படை அனுப்பவில்லை. கடைக்காரன் பார்த்தபோது அவன் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்கவில்லை. 2021இல் மத்திய நீதிபதி ஒருவர், நடந்ததில் அறுபது வீதப் பொறுப்பு விமானப்படையுடையது என்று தீர்ப்பளித்தார்.

அங்கே சட்டம் இருந்தது, பதிவேடு இருந்தது, கேட்கிறவனும் கேட்டான். தெரிந்தவர்கள் சொல்லவில்லை. அமெரிக்க ஆயர் பேரவை துவக்கு வாங்கும் எவரையும் விசாரிக்கவேண்டும் என்று தொடர்ந்து கேட்டுவருகிறது. ஆனால் எந்தச் சட்டமும் தெரிந்தவன் வாய் திறக்கும் அளவுக்கே வேலை செய்யும்.

"கள்ளன் விண்ணப்பமா போடுகிறான்?" என்பது இன்னொரு ஆட்சேபம். போடமாட்டான், பாதாள உலகக் கூட்டத்தாரை இந்த விசாரணை பிடிக்காது, அதற்கு வேறு வழி வேண்டும். ஆனால் வீட்டுக்குள்ளே நடக்கிற கொலையைச் செய்கிறவன் பெரும்பாலும் தொழில்முறைக் கள்ளன் அல்ல. கோபமும் சாராயமும் கைக்கெட்டிய ஆயுதமும் ஒரே இரவில் கூடிவிடுகின்றன. அவன் விண்ணப்பம் போட்டுத்தான் துவக்கை வாங்குகிறான். அவுஸ்திரேலியாவில் 1996 ஏப்ரல் 28ஆந் திகதி போட் ஆதரில் 35 பேர் இறந்த பின் சட்டத்தை இறுக்கி, ஏறத்தாழ ஆறரை இலட்சம் துவக்குகளைப் பணம் கொடுத்து வாங்கி அழித்தார்கள். அங்கேயும் விவசாயிக்குத் துவக்கு மறுக்கப்படவில்லை. தகுந்த காரணம் காட்டி, இருபத்தெட்டு நாள் பொறுத்திருந்து, பெற்றுக்கொள்ளலாம். நியாயமான தேவையும் விசாரணையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

இனிக் கடிதத்தின் முதற் கேள்வி. மச்சானின் குறையைச் சொல்வது எட்டாம் கட்டளைக்கு விரோதமா?

குருமடத்தில் ஒழுக்க இறையியல் படித்தபோது இந்த இடத்தில் எங்கள் பேராசிரியர் வெகுநேரம் நிற்பார். இல்லாத குற்றத்தைக் கட்டிச் சொல்வது அவதூறு, எப்போதும் பாவம். உள்ள குற்றத்தையே தக்க காரணமின்றி, அறியத் தேவையில்லாதவனிடம் சொல்வது புறங்கூறல், அதுவும் பாவம். தேநீர்க் கடையில் மச்சானின் குடியைப் பற்றிப் பேசினால் நீங்கள் இரண்டாவதில் விழுவீர்கள். ஆனால் தக்க காரணம் இருந்து, கேட்க உரிமையுள்ளவர் கேட்கும்போது, தேவையான அளவு மட்டும் சொல்வது புறங்கூறல் ஆகாது. ஓர் உயிருக்கு வரக்கூடிய ஆபத்தைவிடத் தக்க காரணம் வேறில்லை. ஆயுத விற்பனையை ஒழுங்குபடுத்துவது அரசின் உரிமையும் கடமையும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2316ஆம் எண்ணில் கற்பிக்கிறது. நாடுகளின் போர்த் தளபாடங்களை மனதிற்கொண்டு சொல்லப்பட்டதென்றாலும், கொல்லைப்புறத்துச் சொட்கனுக்கும் காரணம் ஒன்றே. அரசுக்கு அந்தக் கடமை உண்டென்றால், அது கேட்கும்போது உண்மை சொல்லும் கடமை நமக்கும் உண்டு.

கேட்டும் நல்லவன் என்று சாட்சி சொன்னால், அது பொய்ச்சாட்சி. அதன் பலனைச் சுமக்கப்போகிறவள் உங்கள் தங்கை.

ஆகவே ஐயா, கண்டதைச் சொல்லுங்கள். கேள்விப்பட்டதைச் சேர்க்க வேண்டாம். எந்த ஆண்டு, என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார் என்பது போதும். குடியை விட்டிருந்தால் அதையும் சொல்லவேண்டும், அதுவும் உண்மையே. ஆனால் அதற்கு முன் தங்கையோடு தனியாகப் பேசுங்கள். அவளே காட்டிக்கொடுத்தாள் என்று பழி அவள் தலையில் விழுமானால், அவளும் பிள்ளைகளும் சில நாள் உங்கள் வீட்டில் இருக்க வழிசெய்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். பங்குத் தந்தையிடமும் சொல்லி வையுங்கள்.

பன்றி இதற்காகக் காத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். அந்தக் காணிக்குத் துவக்குத் தேவைதான் என்றால், அனுமதி பெறத் தகுதியுள்ள, நிதானமான அயற்காணிக்காரர் ஒருவர் தம் பெயரில் விண்ணப்பித்து, தம் வீட்டிலேயே பூட்டி வைத்து, தாமே காவலுக்கு வரலாம். மச்சானிடம் நீங்களே முகத்துக்கு முகம் பேசுங்கள். அவர் குடித்திராத காலை நேரத்தில் பேசுங்கள். ஏன் நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை என்பதைச் சொல்லும் அதே பேச்சில், அறுவடை வரைக்கும் வாரத்தில் எத்தனை இரவு அவரோடு காவற் பரணில் இருக்க உங்களால் முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.