நீர்ப் பரிசோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி?

ஆலைக்கழிவு ஆற்றில் கலந்ததாகச் செய்தி வந்தால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழும் திருவரங்கத்தாருக்கும் திருச்சி நகரத்தாருக்கும் முதலில் எழும் வினா, தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா என்பதே. போதாது. காய்ச்சினால் கிருமிகள் அழியும். கரைந்துள்ள ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் நீங்கமாட்டா. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடவே செய்யும். எனவே பரிசோதனை இன்றியமையாதது. அதன் முடிவைப் படித்தறியக் கொடைக்கானலில் நிகழ்ந்தது நமக்கொரு பாடமாகும்.

அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவை, 2001 மார்ச்சில் பழைய பொருள் கிடங்கொன்றில் மக்கள் கண்டறிந்தனர், ஆலை மூடப்பட்டது. பின்னர் ஆய்வாளர்கள் கொடைக்கானல் ஏரியின் நீரோடு வண்டலையும் மீனையும் சோதித்தனர். தொலைவிலுள்ள பேரிஜம், குக்கல் ஏரிகளின் வண்டலோடும் ஒப்பிட்டனர். கொடைக்கானல் ஏரி வண்டலிலேயே பாதரசம் மிகுந்திருந்தது. பாதரசம் வண்டலில் தங்கி, நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, மீனின் உடலில் சேர்கிறது. ஆகையால் நீர் தெளிந்திருப்பது ஒன்றே தூய்மைக்குச் சான்றாகாது.

அறிக்கை எதுவாயினும் நாம் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்.

எந்தப் பொருளைச் சோதித்தனர்? வீட்டிலுள்ள டி.டி.எஸ். கருவி கரைந்த உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டும். அதில் ஈயம் உண்டா என்று சொல்லாது.

மாதிரியை எங்கே எடுத்தனர்? கழிவு கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் எடுத்து ஒப்பிட்டால்தான் காரணம் விளங்கும்.

எப்போது எடுத்தனர்? ஆற்றில் வெள்ளம் வரும்போதும் வற்றும்போதும் அளவு மாறும். ஒருமுறைச் சோதனை போதாது.

உடற்பரிசோதனைக்கும் இதுவே முறை. பாதரச ஆவியை நெடுநாள் சுவாசித்தவர்க்குச் சிறுநீர்ச் சோதனை பொருந்தும். மீன் வழியாக உட்கொண்டவர்க்கு இரத்தமும் தலைமுடியும் பொருந்தும். எதைச் சோதிப்பது என்று மருத்துவர் தீர்மானிக்க, உங்கள் தொழில், குடியிருப்பு, குடிநீர் எடுக்கும் கிணறு ஆகியவற்றை மறவாது கூறுங்கள். கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியை ஈயமும் பாதரசமும் பாதிக்கும்; கருவுற்ற தாய்மார் தயங்காது வாருங்கள். நீரின் முடிவு தெரியும்வரை, குடிக்கவும் சமைக்கவும் வேறு நம்பகமான நீரையே பயன்படுத்துங்கள்; அறிக்கை கைக்கு வந்ததும் எங்களிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.