அச்சத்தின் அளவுகோல்

நுழையும்முன்

பஞ்சமும் கொள்ளைநோயும் நம் முன்னோரைத் துரத்திய அளவுக்கு நம்மைத் துரத்தவில்லை. ஆயினும், பள்ளிக்குத் தனியே நடந்து செல்லவும் மரமேறவும் நீரில் இறங்கவும் இன்றைய பிள்ளைகளுக்கு இசைவு கிடைப்பது அரிதாகி வருகிறது. பாதுகாப்பு மிகுந்த காலத்தில் அச்சமும் மிகுவது ஏன்?

மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் களங்களையும் வகுத்துரைத்தார். வருத்தும் ஆற்றலுடைய அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு இறையாகிய தலைவர் என அவை நான்கு. அணங்கை விடுத்துப் பார்த்தால், ஏனைய மூன்றும் மனிதனின் கண்ணெதிரே வந்து நிற்பவை. காட்டுவழியில் செல்வோன் புலியின் உறுமல் கேட்டு அஞ்சினான். புலி அகன்றபின் அவன் அச்சமும் அகன்றது. இன்றைய மனிதனை அச்சுறுத்துவனவற்றுள் பெரும்பாலானவற்றை அவன் கண்டதே இல்லை. எங்கோ நிகழ்ந்த ஒரு கொடுமை, படமாகவும் குரலாகவும் அவன் வீட்டுக்குள் வருகிறது. ஒரே நாளில் பத்து முறை வருகிறது. புலியைப்போல் அது அகன்று போவதில்லை.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது. ஊர் ஊராக உயிர்களைக் கவர்ந்த பெரியம்மை ஒழிந்துவிட்டது என உலக நலவாழ்வு நிறுவனம் 1980இல் அறிவித்தது. இவற்றை எண்ணினால் நாம் அச்சம் குறைந்தவர்களாக இருத்தல் வேண்டும். ஆனால், ஜெர்மானியச் சமூகவியலறிஞர் உல்ரிச் பெக், 1986இல் தாம் வெளியிட்ட நூலில் இக்காலச் சமூகத்திற்கு 'இடர்ச் சமூகம்' என்றே பெயரிட்டார். முற்காலத் துன்பங்கள் பெரும்பாலும் இயற்கையினின்று வந்தன. இக்காலத் துன்பங்களோ மனிதன் ஆக்கிய தொழில்நுட்பத்தினின்றே பிறக்கின்றன என்றார் அவர். கதிர்வீச்சையும் உணவில் கலந்த நஞ்சையும் கண்ணால் காண இயலாது. அவை உண்டா இல்லையா என்பதற்கு வல்லுநர் சொல்லையே நம்பியிருக்க வேண்டும். அந்நூல் வெளிவந்த ஆண்டிலேயே செர்னோபில் அணு உலை வெடித்தது. ஆகவே, இக்கால அச்சம் அனைத்தையும் வீண் கற்பனை என ஒதுக்குவது பொருந்தாது. நாம் அஞ்சுவது தவறன்று. எதற்கு எவ்வளவு அஞ்சுகிறோம் என்னும் அளவுதான் ஆராயத்தக்கது.

அவ்வளவு பிறழ்வதற்கு உளவியலார் ஒரு காரணம் காட்டுகின்றனர். எந்த நிகழ்வு எளிதில் நினைவுக்கு வருகிறதோ, அதுவே அடிக்கடி நிகழ்வதாக மனம் கணக்கிடும் என்பதை ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் ஆகிய இருவரும் 1973இல் விளக்கினர். இதன் விளைவு எத்துணைக் கொடியதாகலாம் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். 2001 செப்டம்பர் 11 அன்று வானூர்திகளைக் கடத்திக் கட்டடங்களின்மீது மோதச் செய்த தாக்குதலுக்குப் பிறகு, அந்நாட்டு மக்களுள் பலர் வான்வழிப் பயணத்தைத் தவிர்த்து மகிழுந்துகளில் நெடுந்தொலைவு சென்றனர். ஆனால், அதே தொலைவைக் கடக்க வான்வழியைவிடச் சாலையே இடர் மிக்கது. அடுத்த பன்னிரண்டு திங்களில் சாலைகளில் கூடுதலாக ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர் என ஜெர்மானிய உளவியலறிஞர் கெர்டு கிகெரென்சர் மதிப்பிட்டார். கடத்தப்பட்ட நான்கு வானூர்திகளில் இருந்த பயணிகளின் எண்ணிக்கையைப்போல் இது பன்மடங்கு. இவர்களின் இறப்பு ஒவ்வொன்றும் தனித்தனிச் சாலை விபத்தாகவே பதிவாயிற்று. அச்சத்தால் நேர்ந்த இறப்பு என எழுதுவதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

நடை மறந்த பிள்ளைகள்

சமூகத்தின் அச்சம் முதலில் சென்று படிவது குழந்தைகளின்மீதுதான். இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுள் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றோர் 1971இல் 80 விழுக்காட்டினர். 1990இல் அது 9 விழுக்காடாகச் சுருங்கியது. மேயர் ஹில்மனும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் கண்டறிந்த உண்மை இது. அக்காலத்தில் சாலை விபத்துகளில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. அரசும் அதனைச் சாலைப் பாதுகாப்பின் வெற்றியாகவே கொண்டது. ஹில்மன் குழுவினர் இதை ஏற்கவில்லை. சாலை பாதுகாப்பானதாக மாறவில்லை. சாலையிலிருந்து குழந்தைகள்தாம் அகற்றப்பட்டனர் என்பது அவர்கள் முடிவு. போக்குவரத்துக்கு அஞ்சிய பெற்றோர் தம் பிள்ளைகளை மகிழுந்தில் ஏற்றிச் சென்றனர். அதனால் பள்ளி வாயிலில் வண்டிகள் பெருகின. அவற்றைக் கண்டு இன்னும் சில பெற்றோர் அஞ்சினர்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவே, நம் பெற்றோரின் அச்சத்திற்கு நியாயம் உண்டு. ஆனால், அவ்வச்சம் எந்த வழியில் செல்கிறது என்பதைக் கருத வேண்டும். நடைபாதை கேட்டும் வேகத்தடை கேட்டும் ஊர் ஒன்றுகூடினால், அச்சம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படும். வசதியுடையோர் தம் பிள்ளையை மட்டும் வண்டிக்குள் வைத்துக் காத்துக்கொண்டால், நடந்து வரும் பிள்ளைக்கு அவ்வண்டியே புதிய இடராகிறது. ஒருவர் விலக்கிய இடர் மறைந்துவிடுவதில்லை. விலக்க வழியற்றவர் தோளில் போய் அமர்கிறது. இடரைப் பற்றிய பேச்சில் மிகுதியும் மறக்கப்படுவது இதுவே எனலாம்.

டென்மார்க்கு நாட்டு நிலவனப்புக் கலைஞர் சோரென்சென், தாம் அழகுற அமைத்த விளையாட்டிடங்களைவிடக் கட்டுமானப் பணி நடக்கும் இடங்களையே பிள்ளைகள் விரும்பி நாடுவதைக் கண்டார். அவர் கருத்தைத் தழுவி, 1943இல் கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் பலகையும் பழம்பொருளும் குவித்த விளையாட்டிடம் ஒன்று உருவாயிற்று. அதுவும் அயல்நாட்டுப் படை நாட்டைப் பிடித்திருந்த காலத்தில்! பிள்ளைகள் தாமே வீடு கட்டினர்; கட்டியதைத் தாமே கலைத்தனர். உயரம் ஏறுதல், விரைந்தோடுதல், கருவிகளைக் கையாளுதல் போன்ற இடர் கலந்த விளையாட்டுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்த நார்வே அறிஞர் எல்லென் சாண்ட்செட்டெர், அவற்றால் குழந்தைகள் தம் அச்சத்தைத் தாமே அளந்து கடக்கப் பழகுகின்றனர் என்றார்.

நம் ஊர்க் கிணறுகளிலும் இப்பயிற்சி நடந்ததுண்டு. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டியோ, இடுப்பில் கயிறு பிணைத்தோ பிள்ளையை நீரில் இறக்குவர். கயிற்றின் மறுமுனை மாமன் கையிலோ அண்ணன் கையிலோ இருக்கும்; நாள் செல்லச் செல்லப் பிடி தளரும். இடரை மறுக்காமல், அதற்கு அஞ்சி ஒதுங்காமல், அளவிட்டுக் கொடுத்த முறை இது. இன்று பல கிணறுகள் தூர்ந்தன. எஞ்சியவற்றின் பக்கம் போகாதே என்னும் கட்டளையே மிஞ்சியது. அக்கட்டளையை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, நண்பர்களோடு ஆற்றுக்கோ அணைக்கோ செல்லும் நாளில் நீந்தத் தெரியாமலே நிற்கிறது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் வலியுறுத்துகிறது. குளங்களும் ஆறுகளும் நிறைந்த வங்காளதேசத்தில், ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை அமைத்துப் பயிற்சி பெற்றோர் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பித்து வருகின்றனர்.

கற்பவை கற்றபின்…

உங்கள் தாத்தா அல்லது பாட்டி, பெற்றோர், நீங்கள் ஆகிய மூவரும் பத்து வயதில் தனியே சென்றுவந்த மிகுந்த தொலைவைக் கேட்டறிந்து, ஊரின் வரைபடத்தில் குறித்துக் காட்டுக.

உங்கள் பள்ளிக்குச் செல்லும் சாலையில் நடந்து வருவோர்க்கு இடர் தரும் ஓரிடத்தைத் தேர்ந்து, அதனைச் சீர்செய்ய வேண்டி உள்ளாட்சி அமைப்புக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.