தங்கவயல் கள ஆய்வு: செலவில்லாமல் சார்ட் செய்யச் சில குறிப்புகள்

தோழிகளே, புவியியல் பாடத்துக்காக நம்ம தங்கவயலைச் சுற்றி வந்து, அளந்து, எண்ணி, நாலு வீட்டில் விசாரித்து, பிள்ளைகள் நோட்டு நிறைய விவரம் சேர்த்தாச்சு. அதைப் பார்த்தவுடன் புரியும்படி எடுத்து வைப்பதுதான் பாக்கி. கடைக்கு ஓடாமல், வீட்டில் இருப்பதை வைத்தே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம், வாருங்கள்.

1. 'தூசி ஆய்வு' என்று மொட்டையாகத் தலைப்பு வைக்காதீர்கள். 'சயனைடு மேட்டுக்குப் பக்கத்து லைன்களில்தான் தூசி அதிகம்' (சுரங்கக் கழிவு மண் குவியல்தான் சயனைடு மேடு, தொழிலாளர் வீட்டு வரிசைதான் லைன்) என்பது போல, கண்டுபிடித்ததையே தலைப்பாகப் போடுங்கள். பாதி விளக்கம் அதிலேயே முடிந்துவிடும்.

2. நாள் முழுக்க ஏறி இறங்கும் வெப்பநிலைக்குக் கோட்டுப்படம், ராபர்ட்சன்பேட்டையையும் ஆண்டர்சன்பேட்டையையும் ஒப்பிடப் பட்டைப்படம், மொத்தத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று காட்ட வட்டப்படம். ஒரு விவரத்துக்கு ஒரு படம் போதும். நேரமும் மிச்சம், கலர் பென்சிலும் மிச்சம்.

3. ஊரின் கால வரிசையைக் காட்ட, பழைய தையல் டேப்பைச் சுவரில் நீளமாக ஒட்டுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வருடம் என்று வைத்து, சுரங்கத்தை நடத்த ஜான் டெய்லர் கம்பெனி வந்த 1880ஐ பூஜ்ஜியத்தில் குறித்தால், சிவசமுத்திரத்து மின்சாரம் வந்த 1902 சரியாக 22இல் விழும். சுரங்கம் அரசுடைமையான 1956 வருவது 76இல், மூடப்பட்ட 2001 வருவது 121இல். ஸ்கேல் பிடித்துக் கோடு போடும் வேலையே இல்லை.

4. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3,200 மீட்டர். 100 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்றால் 32 சென்டிமீட்டர் ரிப்பன் போதும். அதே அளவில் பெங்களூரு வரைக்கும் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தைக் காட்ட 10 மீட்டர் தாள் வேண்டியிருக்கும். அதனால் ஆழத்துக்கும் தூரத்துக்கும் தனித்தனி அளவு வைத்து, இரண்டையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

5. காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களை எண்ணி வந்திருந்தால், ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய நூலை எடுங்கள். பத்துப் பேருக்கு ஓர் இழை. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் இழையைச் சேர்த்துக்கொண்டே போனால், கூட்டம் பெருகுவது நூலின் தடிமனிலேயே தெரியும்.

6. மூடிக் கிடக்கும் வீடுகள் எங்கெங்கே என்று வரைபடத்தில் காட்ட ஸ்டிக்கர் பொட்டு போதும். ஒரு பொட்டு ஐந்து வீடு. ஒட்டுவதற்கு முன் துவரம்பருப்பை வைத்து அடுக்கிப் பாருங்கள். இடம் மாற்றினாலும் தாள் பாழாகாது.

7. எண்ணிக்கைக்கு ஏற்றபடி பெரிதும் சிறிதுமாக வட்டம் போட வளையல், டம்ளர், டப்பா மூடி எதுவும் உதவும். நான்கு மடங்கு எண்ணிக்கைக்கு விட்டம் இரண்டு மடங்கு இருந்தால் போதும். விட்டத்தையும் நான்கு மடங்காக்கினால் வட்டத்தின் பரப்பு பதினாறு மடங்காகி, பார்ப்பவரை ஏமாற்றிவிடும்.

8. எந்தத் தெருவில் எத்தனை குடம் தண்ணீர் கிடைக்கிறது என்று காட்ட, பாதி உருளைக்கிழங்கில் குடம் போல வெட்டி, வாட்டர் கலரில் தொட்டு அச்சு வையுங்கள். எல்லாக் குடமும் ஒரே அளவில் விழும். பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீர் வரும் தெருவுக்கு ஒரு நிறம், லாரித் தண்ணீருக்கு வேறு நிறம்.

9. வாசலின் தடவி வெளியே வைத்துத் தூசி பிடித்த அட்டைகளை, வாசலின் படாத ஓரத்தில் ஒட்டும்படி செலோடேப்பால் மூடி, வரைபடத்தில் அந்தந்த இடத்தில் ஒட்டுங்கள். வெளியே வைக்காத சுத்தமான அட்டை ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். ஒப்பிட ஆள் வேண்டாம், கண்ணே சொல்லும்.

10. புதுச் சட்டைப் பெட்டியின் மேலே வரும் பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றில் தென்மேற்குக் காற்று, இன்னொன்றில் வடகிழக்குக் காற்று என்று அம்புக்குறி வரைந்து வரைபடத்தின் மேல் மாற்றி மாற்றி வையுங்கள். எந்தப் பருவத்தில் எந்தத் தெருவுக்குத் தூசி என்பது ஒரே வரைபடத்தில் முடிந்துவிடும்.

11. சயனைடு மேட்டு மண்ணைப் பாட்டிலில் அடைத்துக் காட்சிக்கு வைக்க வேண்டாம்; போட்டோ போதும். பெத்தப்பள்ளியில் இருக்கும் எரிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னம், அதிலும் சில்லுப் பெயர்க்கக் கூடாது. பென்சிலில் வரைந்து, பாகங்களுக்கு அம்புக்குறி போட்டால் மதிப்பெண்ணும் கூடும்.

12. போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்தால் அளவு தெரியும். அடியில் இடம், தேதி, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று மூன்றையும் எழுதுங்கள். தாத்தாவின் பழைய சுரங்கப் படத்தை ஒட்டிக் கெடுக்காமல், போனில் எடுத்து அச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

13. இருபது வீட்டில்தான் கேட்டீர்கள் என்றால் '65 சதவீதம்' என்பதைவிட '20 வீட்டில் 13' என்று எழுதுவது நேர்மை. பெரியவர்கள் சொன்னதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே போடுங்கள். பெயரும் வீட்டு எண்ணும் வேண்டாம், 'ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி' என்றால் போதும்.

14. மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, அளக்க முடியாமல் போனதைச் சொல்லிவிடுங்கள். 'மழை பெய்த மறுநாள் எடுத்ததால் தூசி குறைவாக இருக்கலாம்' என்று ஒரு வரி இருந்தால், கேட்க நினைத்த கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொன்ன மாதிரி ஆகும்.

15. அவரைக்காய் உரிக்க உட்காரும்போதே பிள்ளையை நிறுத்திச் சார்ட்டைப் பற்றிப் பேச வையுங்கள். உரித்து முடிப்பதற்குள் பேச்சும் முடிய வேண்டும். கேட்ட பாட்டி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டால் தயார் என்று அர்த்தம்.

16. வேலை முடிந்ததும் சார்ட்டைச் சுருட்டிப் பரண் மேல் போடாதீர்கள். அளந்த இடம், தேதி, அளந்த முறை மூன்றையும் பின்பக்கம் எழுதிப் பள்ளியிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடப் பிள்ளைகள் அதே இடத்தில் அளந்தால், நம்ம ஊரில் தூசி கூடியதா, தண்ணீர் குறைந்ததா என்று கணக்கோடு கேட்க ஒரு ஆதாரம் இருக்கும்.