தக்காளிச் சந்தையிலிருந்து நிஃப்டி ஆப்ஷன் வரை

ஒட்டன்சத்திரத்தில் ஒரு பெட்டி தக்காளி 200 ரூபாய், திண்டுக்கல்லில் அதே தரப் பெட்டி 260 ரூபாய் என்றால் என்ன நடக்கும்? குஜிலியம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: "அங்க வாங்கி இங்க வித்துருவாங்க சார்." "எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். வாங்க வாங்க ஒட்டன்சத்திரத்தில் விலை ஏறும். வரத்து கூடக் கூடத் திண்டுக்கல்லில் இறங்கும். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி அளவுக்கே வித்தியாசம் நிற்கும். இதுவே ஆர்பிட்ரேஜ்.

மேல்நிலை வணிகவியல், கணித வகுப்புகளில் இதையே நிஃப்டி ஆப்ஷனுக்கு நீட்டலாம். தேசியப் பங்குச் சந்தையில் இது 2001 ஜூனில் தொடங்கியது. முடிவு நாளில் குறியீட்டெண் ஒப்பந்த அளவைத் தாண்டினால், தாண்டிய தொகையைக் கால் ஆப்ஷன் தரும். குறைந்தால், குறைந்த தொகையைப் புட் ஆப்ஷன் தரும்.

கரும்பலகைக் கணக்கு (கற்பனை எண்கள், டிவிடெண்ட், செலவுகள் சேர்க்கப்படவில்லை):

குறியீட்டெண் 20,000. ஒப்பந்த அளவு 20,000. ஒரு மாத வட்டி 0.5 விழுக்காடு. கால் 380, புட் 250.

1. காலை விற்க வரவு 380. புட் வாங்கச் செலவு 250. குறியீட்டிலுள்ள பங்குகளை வாங்க 20,000. நிகரச் செலவு 19,870. இதைக் கடன் வாங்குவோம்.

2. மாத முடிவில் குறியீடு 21,000 ஆனால், காலுக்காக 1,000 கொடுக்க வேண்டும், மிச்சம் 20,000. 19,000 ஆனால் புட் 1,000 தரும், அப்போதும் 20,000.

3. வட்டியுடன் திருப்புவது 19,969.35. லாபம் 30.65.

குறியீடு எங்கு போனாலும் லாபம் மாறவில்லை என்பதை மாணவர்களே கண்டறியட்டும். ஆனால் பலர் காலை விற்று, புட்டை வாங்கும்போது இரண்டின் வித்தியாசம் 130-லிருந்து ஏறக்குறைய 100-க்கு இறங்கிவிடும். நடைமுறையில் 50 பங்குகளை ஒரே நேரத்தில் வாங்குவது எளிதல்ல. தரகு, பரிவர்த்தனை வரியும் உண்டு. அந்தச் செலவுக்குள் அடங்கும் சிறு இடைவெளி மட்டும் நீடிக்கும்.

இந்தப் பாடம் ஏன் தேவை? என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் கைபேசியைக் காட்டி, "இதுல நிச்சயமா லாபம் வருமாம் சார்" என்றார். இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். நிச்சய லாபம் தென்பட்டால், நொடிக்குள் கணினி கொண்டு அதை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நம் கைக்கு மிஞ்சுவது ஊகம்தான். 2021-22 முதல் 2023-24 வரை பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்ததாக செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

பயிற்சி: கால் 350, புட் 290 என்றால் எதை வாங்க வேண்டும், எதை விற்க வேண்டும்? இதில் கையில் இல்லாத பங்குகளை விற்க வேண்டியிருப்பதால் என்ன சிக்கல் வரும்? குழுவாக விவாதிக்கச் செய்யுங்கள்.